அறுபடாத வளையம்

முல்லைத்தீவுக் கடலில் எங்கள் பாய்வள்ளத்தின் நங்கூரச் சங்கிலி அடிக்கடி முறுக்கேறிச் சிக்கிக்கொள்ளும். அதைத் தடுக்க என் தம்பி மரியான் சங்கிலியில் ஒரு சுழல் வளையம் பூட்டினான். என் கணவருக்கு அது பிடிக்கவில்லை.

"அறுந்தால் உந்த வளையத்திலைதான் அறும்," என்றார்.

"ஒருக்காப் பாவிச்சுப் பாருங்கோ அத்தான்," என்றான் தம்பி. நானும் அவன் பக்கம் நின்றேன்.

அந்த மாரியில் அவர் தனியாகக் கடலுக்குப் போயிருந்த நாளில் கடல் திடீரெனப் பொங்கியது. உடைந்த வள்ளம் மட்டும் கரையொதுங்கியது; அவர் திரும்பவில்லை. வளையம் அறுந்துதான் வள்ளம் இழுபட்டதென்று ஊர் கதைத்தது. நானும் நம்பினேன். கோயிலில்கூடத் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை.

கடல் தெளிந்தபின், சங்கு குளிக்க வந்த ஒருவர் எங்கள் நங்கூரத்தைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார். கல்லிடுக்கில் இறுகிக் கிடந்ததாம். சங்கிலி முழுதாக இருந்தது. வளையம் என் விரலுக்கே சுழன்றது. சங்கிலியில் கட்டிய கயிறுதான் கத்தியால் வெட்டியதுபோல நேராக முடிந்திருந்தது.

தம்பிக்குச் சொல்லியனுப்பினேன். அவன் வந்து கயிற்று நுனியைத் தடவிப் பார்த்தான்.

"நங்கூரம் கிளம்பேல்லை அக்கா. வீட்டை வரவெண்டு அத்தான்தான் வெட்டியிருக்கிறார்."

தம்பியை வெறுத்திருந்த நாட்களில் எனக்கு அழுகையே வந்ததில்லை. அந்த நுனியைக் கையில் வாங்கியபோதுதான் வந்தது.