அலமாரி மேல் ஏறிய தண்ணீர்க் கிண்ணம்

'இதுக்குப் போய் இவ்வளவு கோபமா' என்று கேட்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் வீட்டு ஃபெரெட்டின் தண்ணீர்க் கிண்ணத்தை என் கணவரே எடுத்து எட்டாத உயரத்தில் வைத்தார். கோபப்படாமல் கொஞ்சவா செய்வார்கள்?

மகள் கொச்சியில் வேலை பார்த்தபோது வாங்கி வளர்த்தது அது. வெளிநாடு போகும்போது உத்தமபாளையத்தில் எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். கீரி மாதிரி நீள உடம்பு, குட்டைக் கால், திருட்டு முழி. தெருவே அதைக் கீரி என்றுதான் சொல்லும். போன வருடம் அதற்கு மூச்சு இரைக்க ஆரம்பித்ததும், அதற்கு வைத்தியம் தெரிந்த டாக்டர் அங்கேதான் என்று காரில் கொச்சிக்கே தூக்கிக்கொண்டு ஓடினேன். இதயம் பலவீனமாகி நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று சொல்லி, நீர் பிரிய மருந்து கொடுத்தார் டாக்டர். மருந்து உடம்பை வற்றடித்துவிடும், அதனால் குடிக்கிற தண்ணீர் எப்போதும் அதன் முன்னால் இருக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

அதிலிருந்து என் பாடு அதன் தண்ணீரோடுதான். கவிழ்க்க முடியாத கனத்த பீங்கான் கிண்ணம் வாங்கினேன். உப்புப் போடாத கோழிச் சாறு ஊற்றித் தீனியைக் குழைத்து வைத்தேன். எதிர்வீட்டு அக்காவுக்கு அது பொறுக்கவில்லை.

"ஏத்தா, கீரிக்குச் சூப்பு வைக்கிறியாமே! வீட்டுக்காரருக்கு என்னா வச்ச?"

"அவருக்கு அளந்துல்ல வைக்கிறேன்" என்றேன்.

உண்மைதான். அவருக்கும் இதய நோய். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்பது மதுரை டாக்டரின் உத்தரவு. காலையில் பாட்டிலில் அளந்து ஊற்றி, மதியம் வரை இவ்வளவு என்று பேனாவால் கோடு போட்டுவிட்டுத்தான் நான் கல்லூரி ஆபீசுக்குக் கிளம்புவேன். நான்கு வருடமாக ஒரு நாள் தவறியதில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

சித்திரை வெயிலில் ஒரு நாள் மதியம் சாப்பிட வந்தேன். ஃபெரெட் சமையலறைத் தரையில் துவண்டு கிடந்தது. உடம்பில் நீர் வற்றியிருக்கிறதா என்று தினமும் பார்க்கிறபடி ஈறைத் தொட்டால் பிசுபிசுத்தது. பிடரித் தோலை இழுத்து விட்டால் இழுத்தபடியே நின்றது. கிண்ணம் அலமாரியின் மேல்தட்டில் இருந்தது, நிறையத் தண்ணீரோடு.

"யாரு தூக்கி வச்சது?"

"நாந்தேன்" என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். "எனக்கும் அதுக்கும் ஒரே நோவு, ஒரே மருந்து. எனக்கு மட்டும் அளந்து குடுக்குற. அது கிண்ணங் கிண்ணமாக் குடிச்சா நெஞ்சுல நீர் கோக்காதா?"

"மதுரை டாக்டர் ஒங்களுக்குச் சொன்னாக. இதுக்கா சொன்னாக? வாயில்லாத உசுரக் கொல்லப் பாத்தீகளே!"

துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மாட்டு டாக்டரிடம் போனேன். அவர் கொச்சிக்குப் போன் போட்டுக் கேட்டுக் கேட்டு, தோலுக்கடியில் சொட்டுச் சொட்டாக நீர் ஏற்றினார். கூடினால் நெஞ்சில் தேங்கும், குறைந்தால் சிறுநீரகம் போகும். ஐந்து மணி வாக்கில் அது தலையைத் தூக்கி என் விரலை நக்கியது. அப்பாடா என்றிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கிண்ணத்தை இறக்கிப் பழைய இடத்தில் ணங்கென்று வைத்தேன். ஃபெரெட் நக்கி நக்கிக் குடித்தது. அவர் எழுந்து வாசல் பக்கம் போனார்.

"நில்லுங்க. இத்தன நாளா இல்லாத வைத்தியம் இன்னைக்கு எங்கருந்து வந்துச்சு?"

"வைத்தியமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது குடிக்கிற சத்தம் கேட்டா எனக்குத் தொண்ட காயுது. நீ போட்ட கோடு பத்து மணிக்கே முடிஞ்சு போகுது."

"அத வாயத் தொறந்து எங்கிட்டச் சொன்னா என்னாவாம்?"

"அது சொல்லியா அதோட ஈறத் தொட்டுப் பாக்குற?"

எனக்குக் கோபம் அப்படியே இருந்தது.

"இங்கன வாங்க. நாக்க நீட்டுங்க" என்று அதட்டினேன்.

நீட்டினார். பாளம் பாளமாக வெடித்திருந்தது.