தீம் பார்க்குக்கு ஒரு நாளா, ரெண்டு நாளா?

டூரிஸ்ட் வேன் தொழிலில் வண்டி ஓட்டுவது பாதி வேலைதான்; தீம் பார்க்குக்கு ஒரு நாளா, ரெண்டு நாளா என்று ஒரு குடும்பமே அடித்துக்கொள்ளும்போது நடுவில் நின்று பஞ்சாயத்து பண்ணுவது மீதிப் பாதி. எனக்கு அம்பத்தூர் மேனாம்பேட்டில் வீடு. பூந்தமல்லி, ஆவடி, எங்கிருந்து கூப்பிட்டாலும் வண்டி போகும். ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் நாள் குறித்துக் கொடுத்த எனக்கு, என் பிள்ளையோடு போக ஒரு நாள் வாய்க்கவில்லை. பள்ளிக்கூட லீவுதானே நமக்கு சீசன்? லீவு நாளில் வேலை பார்க்கும் சக பாவிகளே, உங்களுக்குச் சொல்லியா தெரிய வேண்டும்!

என் மகள் ஜெனி சின்ன வயதில் கேட்பாள்: "உள்ள எப்டிப்பா இருக்கும்?" எனக்கு எப்படித் தெரியும்? நான் பார்த்ததெல்லாம் பார்க்கிங்தான். இப்போது அவள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கோயம்புத்தூரில் கல்லூரி, ஹாஸ்டல் வாசம். அவள் கிளம்புவதற்குள் ஒரு நாளாவது கூடப் போய்விட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அது எப்படி முடிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் என் வண்டியில் வந்த சில கிராக்கிகள்.

பிரியாணிக்கு ஒரு நாள்

பூந்தமல்லியில் இரும்புக்கடை வைத்திருக்கும் காதர் பாய், பக்ரீத்துக்கு மறுநாள் குடும்பத்தோடு பார்க்குக்குப் போவார். முதல் தடவை அவரிடம் "ஒரு நாள் போதும் பாய்" என்று அடித்துச் சொன்னேன். காலையில் வண்டி வாசலில் நின்றதும் முதலில் ஏறியது ஆள் இல்லை, தேக்சா என்கிற பெரிய பிரியாணி அண்டா. பார்க் வாசலில் வெளிச்சாப்பாட்டை விடமாட்டார்கள் என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. காவலாளி மறித்தபோது பாய் ரொம்பப் பொறுமையாக விளக்கினார்: "சாப்பாடு இல்லப்பா, பிரியாணி."

பலிக்கவில்லை. தேக்சா வண்டிக்கே திரும்பியது. அதை ஆறவிட்டு உள்ளே போக யாருக்கும் மனசில்லை. முதல் பந்தி பிள்ளைகள், அடுத்த பந்தி பெண்கள், கடைசியில் பாயும் நானும். எலும்பு தனியாக, கறி தனியாக எனக்கு எடுத்து வைத்தது பாயின் மனைவி ஜமீலா அக்கா. உண்ட மயக்கத்தில் ஆளுக்கொரு சீட்டில் சாய்ந்து, எழுந்து உள்ளே போனபோது மூன்று மணி. தண்ணிச் சறுக்கில் நாலு தடவை சறுக்குவதற்குள் தண்ணியை நிறுத்திவிட்டார்கள். திரும்பும்போது ஜமீலா அக்கா தீர்ப்பு சொன்னார்: "ரெண்டு நாளு வோணும் அந்தோணி. ஒரு நாளு பார்க்குக்கு, ஒரு நாளு பிரியாணிக்கு."

ரூமிலேயே கிடந்தவர்கள்

முத்தாபுதுப்பேட்டைக்காரர் ஒருவர், குவைத்திலிருந்து லீவில் வந்தவர். ஒரு நாள் போதும் என்று நானும் சொன்னேன், அவர் மனைவியும் சொன்னார். கேட்கவில்லை. ரெண்டு நாள் டிக்கெட், பக்கத்திலேயே ரூம். முதல் நாள் ஓடியாடியதில் எல்லோருக்கும் கால் வீங்கிவிட்டது. இரண்டாம் நாள் காலையில் நான் வண்டியைத் துடைத்து நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறேன், ஒருவரும் வரவில்லை. கதவைத் தட்டினால், நாலு பேரும் ஒரே கட்டிலில் குறுக்கும் நெடுக்குமாகப் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னது அப்பா வயிற்றின்மேல்.

"டிக்கெட் வீணாகுதே சார்" என்றேன். அவர் எழுந்திருக்கக்கூட இல்லை. "போனா போவுது அண்ணாத்தே. அங்க குவைத் ரூம்ல தனியா படுத்துகினு இதத்தான் நெனச்சுகினு இருந்தேன்."

மூட்டைக்குக் காவல்

ஒவ்வொரு குடும்பத்திலும் நனையாத ஒருவர் உண்டு. பை, செருப்பு, செல்போன், கழற்றிய வளையல் எல்லாம் அவர் மடியில். கேட்டால் "எனக்குத் தண்ணி ஒத்துக்காது" என்பார். ஆவடி சரோஜா அக்காவும் அப்படித்தான். தம்பி, தம்பி பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லாம் சாயங்காலம் வரை ஆட்டம் போட்டுவிட்டு வந்து, "சூப்பர், ஒரு நாளே போதும்" என்றார்கள். அக்கா மடியில் இருந்த மூட்டையைத் தம்பியிடம் தூக்கிக் கொடுத்தார். "உனுக்குப் போதும்டா. நாளிக்கு இத நீ வெச்சுகினு குந்து, நான் நனையணும்."

மறுநாள் மீண்டும் ஓட்டிப் போனேன். அன்றிலிருந்து எந்தக் குடும்பம் வந்தாலும் நானே மூட்டையை வாங்கி வண்டியில் வைத்துக்கொள்கிறேன்.

சாவி

இந்த வருஷம் பக்ரீத்துக்கு மறுநாளும் காதர் பாய் சவாரி. ஜெனி கோயம்புத்தூர் கிளம்புமுன் மிச்சமிருந்த நாள் அது ஒன்றுதான். வழக்கமான மனிதரிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சரி என்று வண்டியை எடுத்தேன். தேக்சா ஏறியது, எல்லோரும் ஏறினார்கள். பாய் சொன்னார்: "வண்டிய உன் ஊட்டுக்கு உடு."

"இன்னா பாய், அது எதிர்ப்பக்கமாச்சே?"

"ரெண்டு சீட்டு காலி கீதுல்ல? உன் சம்சாரத்துக்கும் பொண்ணுக்கும்தான். ஜமீலா நேத்தே போன் பண்ணிட்டா." பக்ரீத் கறி கொடுத்தனுப்பப் பேசியபோது என் மனைவி ஸ்டெல்லா இந்தக் குறையை ஜமீலா அக்காவிடம் கொட்டியிருக்கிறாள்.

பந்தி முடிந்து வழக்கம்போல மூன்று மணிக்கு எல்லோரும் உள்ளே கிளம்பினார்கள். நான் மூட்டைக்குக் கை நீட்டினேன். பாய் என் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் எவ்வளவோ சொல்லியும் இறங்கவில்லை.

வாசலில் காக்கி பேண்ட் கூடாது, நைலான்தான் என்றார்கள். வாடகைக்கு ஒரு பச்சை டிராயர் கொடுத்தார்கள். அதைப் பார்த்து ஜெனி சிரித்த சிரிப்பை நான் வீட்டில் கேட்டதில்லை. சறுக்கின் உச்சியில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். மலைப்பாதையெல்லாம் ஓட்டியவன்தான்; அங்கே பிரேக் இருந்ததே. ஜெனி என் கையைப் பிடித்தாள். "கண்ண மூடாதப்பா, நான் கீறேன்ல?" அதன் பிறகு விசில் ஊதித் துரத்தும்வரை நாங்கள் வெளியே வரவில்லை.

வந்து பார்த்தால் வண்டிப் படியில் பாய். பக்கத்தில் என் செருப்பும் ஜெனி செருப்பும் ஜோடி பிரியாமல் இருந்தன. "உங்களுக்கு ஒரு நாள் வீணாப் போச்சே பாய்" என்றேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "இத்தினி வருசமா எங்க செருப்ப நீ பாத்துகினு குந்தினு இருந்தியே, ஒரு தபா உன் செருப்ப நான் பாத்தா தேஞ்சா பூடுவேன்?"

ஆகவே சக பாவிகளே, எத்தனை நாள் என்று என்னைக் கேட்டால், வெளியே நம் செருப்பைப் பார்த்துக்கொள்ள ஒரு மனுஷன் கிடைத்தால் அரை நாளே தாராளம், பிரியாணியை மட்டும் வீட்டிலேயே முடித்துவிட்டு வாருங்கள்.