அம்மாக்களிடம் பாடம் கேட்ட விஜயா டீச்சர்

தென்காசியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது தலைமையாசிரியர் போனில் அழைத்தார். “விஜயா டீச்சர் காலையில தவறிட்டாங்க, சார்.” நெஞ்சுவலியாம். முந்தின நாள்தான் குற்றாலத்துச் சாரலில் நனைந்து வந்து, குடை கொடுக்காத என்னிடம் வாய்ச்சண்டை போட்டிருந்தார்.

டீச்சர் எங்கள் பள்ளியின் அறிவியல் ஆசிரியை, நான் கணக்கு. வேலையில் சேர்ந்த அன்றே என் டிபன் பாக்ஸை எட்டிப் பார்த்து, “இந்த உப்புமாவுக்கு யாரு சார் பாஸ் மார்க் போட்டது?” என்று கேட்டவர்.

கொரோனாவில் வகுப்புகள் செல்போனுக்குள் போயின. திரையில் பெயர்கள் மட்டும் நிற்கும். “புரியுதா?” என்றால் “எஸ் மிஸ்” என்று வரும். வீட்டுப்பாடமோ, ஒருவர் எழுதியதன் போட்டோவே எல்லார் பெயரிலும் வரும். “இதுக்கு மார்க் போட்டா போனுக்குத்தான் சார் போடணும்” என்று சிரித்தவர், ஒரு வழி கண்டுபிடித்தார். பிள்ளைகள் பாடத்தை வீட்டில் யாருக்காவது சொல்லித்தர வேண்டும்; சாயங்காலம் டீச்சர் அப்படிக் கற்றுக்கொண்டவர்களைப் போனில் அழைத்துக் கேட்பார். அம்மாக்கள் அலறினார்கள்.

செல்வி என்ற மாணவி வகுப்புக்கு ஒருநாளும் வரவில்லை என்றது திரை. படிப்பை நிறுத்தி அவளை எலுமிச்சை மண்டி வேலைக்கு அனுப்ப அப்பா முடிவு செய்திருந்தார். புளியங்குடி மண்டியில் பழம் தரம்பிரிக்கும் அவள் அம்மா மாரியம்மாளை, டீச்சர் என் எதிரில்தான் ஸ்பீக்கரில் அழைத்தார்.

செல்வி ஏன் வரவில்லை என்று கேட்கத்தான் அழைத்தார்; மாரியம்மாளோ மற்ற அம்மாக்களைப் போலத் தனக்கும் பரீட்சை என்று நினைத்துவிட்டார்.

“நான் பள்ளிக்கொடம் போனதில்ல டீச்சர். தப்பாச் சொன்னா பிள்ளைய பெயிலாக்கிராதீங்க. எலதான் வெயில வச்சுச் சமைக்குது. வேரு தண்ணி கொண்டாந்து குடுக்குது…”

“யாரு சொல்லித்தந்தா?”

“செல்விதான். பக்கத்து வீட்டு ரஹ்மத் போன்ல ரெண்டு பேருமாத்தான பாக்காளுவ.”

திரையில் ரஹ்மத்தின் பெயர் மட்டுமே தெரிந்திருக்கிறது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடனே அப்பாவைப் பேசச் சொன்னார். “உங்க மக படிக்கதோட நிக்கல அண்ணாச்சி, பாடமே நடத்துதா. அவளயா மண்டிக்கு அனுப்புதீங்க?”

செல்வி இப்போது நர்சிங் படிக்கிறாள். பள்ளி திறந்த பிறகும் டீச்சர் அந்த அழைப்பை விடவில்லை. மகள் என்ன படித்தாலும், வாரம் ஒருமுறை அதை மாரியம்மாள் ஒப்பிக்க வேண்டும்.

நேற்று மாரியம்மாள் வேலை உடையோடே வந்து டீச்சரின் தலைமாட்டில் உட்கார்ந்தார். “இந்த வாரம் இன்னும் கேக்கலியே, டீச்சர்” என்றார். பிறகு செல்வி சொல்லித்தந்த பாடத்தைத் தானாகவே சொல்லத் தொடங்கினார். பாடை தூக்க வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை யாரும் அவசரப்படுத்தவில்லை.

போய்வாருங்கள், டீச்சர்.