அவன் முப்பதில் போகட்டும்

பார்லர் அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. கையிலிருக்கும் கத்தரி மட்டும் வேகமாகப் பேசும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் அதைக் கேட்டதும் தலையை அசைக்காமல் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

பெரிய சாலை ஊருக்குள் நுழைந்து வளைகிற இடத்தில், தபால் நிலையத்துக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் இருந்தது அவளுடைய பார்லர். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அக்கா வெட்டுவாள், இன்னொன்றில் அவளுடைய தங்கை. அக்காவுக்கு வாய் ஓயாது, தங்கைக்குக் கை ஓயாது. சின்னப் பிள்ளைகளுக்கு முடி வெட்டுவதில் தங்கையை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆளில்லை. வீறிட்டுக்கொண்டு வருகிற பிள்ளை, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து வாயை மூடுவதற்குள் வேலை முடிந்திருக்கும்.

ஒரு நாள் மதியம், முடி வெட்டிக்கொண்டு போன ஒரு பெண் குடையை மறந்து வைத்துவிட்டாள். எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தவளிடம் அதைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று தங்கை வெளியே போனாள். அக்கா ஒருவருக்குத் தலை அலசிக்கொண்டிருந்தாள். டயர் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. கையெல்லாம் நுரையோடு அக்கா ஓடியபோது, குடை சாலையின் ஒரு பக்கம் கிடந்தது, தங்கை இன்னொரு பக்கம் கிடந்தாள்.

உயிர் பிழைத்துக்கொண்டாள். இடுப்பு எலும்பு கூடிவிட்டது. ஆனால் வலது முழங்கையும் மணிக்கட்டும் நொறுங்கிப்போயிருந்தன. எத்தனை முறை அறுத்துத் தைத்தும் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர மறுத்துவிட்டன. இனிமேல் அந்தக் கையால் தட்டைப் பிடிக்கலாம், கதவைத் தள்ளலாம். கத்தரி பிடிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

காரை ஓட்டிவந்தவர் மரச்சாமான் கடை முதலாளி. ஊரில் அவருக்கு ‘அவசரம்’ என்று பட்டப்பெயர். சாவு வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே துக்கம் விசாரித்துவிட்டுத் திரும்புகிற மனிதர். ஆஸ்பத்திரிக்கும் அப்படித்தான் வந்தார். நடைபாதையில் நின்றபடி அக்காவிடம் சொன்னார்.

“நடந்தது நடந்துபோச்சு. ஆனா ஒண்ணு, நான் சட்டப்படிதான் வந்தேன். அந்த ரோட்டுல அறுபது போலாம். அறுபதுதான் போனேன். போலீஸே அளந்து பாத்துட்டாங்க. உங்க தங்கச்சிதான் பாத்து வந்திருக்கணும்.”

மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரும் என்று அக்கா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அதற்குள் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

போலீஸும் அதையேதான் சொன்னது. வக்கீலும் கையை விரித்துவிட்டார். அதைக்கூட அக்கா பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாமல் போனது அடுத்து நடந்த விஷயத்தைத்தான். தங்கை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, கையில் கட்டோடு பார்லரில் முதல்முறையாக உட்கார்ந்திருந்த அன்று, அதே வளைவில் அதே கார் அதே வேகத்தில் போனது. கண்ணாடிக் கதவு நடுங்கியது. தங்கை கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அக்காவின் கத்தரி பேச ஆரம்பித்தது. “சட்டத்தையா காட்டினே?” என்று அவள் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள். “இருடா. அந்தச் சட்டத்தையே மாத்தி உன் கழுத்துல கட்டுறேன்.”

அடுத்த நாளே நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். வேகவரம்பைக் குறைக்க யார் வேண்டுமானாலும் மனுக் கொடுக்கலாம், போதுமான பேர் கையெழுத்துப் போட்டால் மன்றம் அதை எடுத்துப் பேசியே ஆக வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். கையெழுத்துதானே? பார்லருக்கு வந்த ஒருத்தரையும் அக்கா விடவில்லை. கழுத்தைச் சுற்றிக் கட்டிய துணிக்குள்ளிருந்து கையை வெளியே எடுக்க வைத்துப் பேனாவைத் திணித்தாள். பாதித் தலை வெட்டியிருக்கும்போது யார்தான் மறுத்துப் பேசுவார்கள்? வீட்டிலும் கையெழுத்து வேட்டை நடந்தது. அவளுடைய கணவர் ரொட்டி வேன் ஓட்டுகிறவர்.

“முப்பதுல போனா நான் எப்படி எல்லாக் கடைக்கும் நேரத்துக்கு ரொட்டி போடுறது? விடியறதுக்கு முன்னாடியே கிளம்பணும்” என்றார்.

“கிளம்புங்க” என்றாள் அக்கா. அவர் கையெழுத்துப் போட்டார்.

மன்றத்தில் பாதிப்பேர் மனுவுக்கு ஆதரவு, பாதிப்பேர் எதிர்ப்பு. நடுவில் மதில்மேல் உட்கார்ந்திருந்தவர் ஒரே ஒருத்தர், மருந்துக்கடைக்காரர். அவசரத்துக்குப் பால்ய சிநேகிதர். “பாக்கலாம், பாக்கலாம்” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் மருந்துக்கடைக்காரருக்கு ஒரு ரகசியம் உண்டு. அவருடைய கருகருவென்ற தலையும் மீசையும் இயற்கை என்றுதான் ஊர் நம்பியது. மாதத்துக்கொரு தடவை பார்லரின் பின்கதவு வழியாக வந்து, துண்டுகள் காயப்போடும் சின்ன அறையில் உட்கார்ந்து சாயம் போட்டுக்கொள்வார். இதுவரை அக்கா அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

மன்றம் கூடுவதற்கு முந்தின வாரம் அவர் வந்தார். அக்கா தலைக்குப் பூசி முடித்தாள். மீசையின் வலது பாதிக்குப் பூசினாள். பிறகு பிரஷ்ஷைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அண்ணே, செவ்வாய்க்கிழமை உங்க கை தூக்குமா, தூக்காதா?”

“என்னம்மா இது, பாதியில நிறுத்திட்டே?”

“எனக்கும் மனசு பாதியிலதான் நிக்குது.”

அவர் கண்ணாடியைப் பார்த்தார். மீசையின் ஒரு பக்கம் வாலிபனாக இருந்தது, இன்னொரு பக்கம் தாத்தாவாக இருந்தது.

“இது மிரட்டல் இல்லையா?”

“ஐயோ, சத்தியமா இல்லண்ணே. நீங்க எப்படி ஓட்டுப் போட்டாலும் மீதியையும் பூசித்தான் அனுப்புவேன். வெளியில ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனா எனக்குப் பதில் வேணும். முன்பக்கம் உக்காந்திருக்காளே, அவளோட கையைப் போய் ஒருதரம் பாருங்க. பாத்துட்டு வந்து சொல்லுங்க. பூசறேன்.”

“இந்தக் கோலத்துலயா முன்பக்கம் போறது?”

“அது உங்க இஷ்டம்.”

மருந்துக்கடைக்காரர் எழுந்து, திரைச்சீலையை விரலளவு விலக்கி எட்டிப் பார்த்தார். தங்கை தரையில் விழுந்த சீப்பை இடது கையால் எடுத்து, வலது கைவிரல்களுக்கிடையே செருகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது மறுபடி மறுபடி நழுவியது. அவர் வெகுநேரம் அப்படியே நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது மீசையைப் பற்றிய நினைப்பே அவருக்கு இல்லை.

“பூசும்மா. தூக்கறேன்” என்றார்.

செவ்வாய்க்கிழமை மன்றக் கூடம் நிரம்பி வழிந்தது. அவசரம் முன்வரிசையில் வந்து நின்று பேசினார். வியாபாரம் படுக்கும், பஸ் தாமதமாகும், ஆம்புலன்ஸ் எப்படிப் போகும் என்று அடுக்கினார். கடைசியில் அக்காவைக் கைகாட்டினார்.

“எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். இவங்களுக்கு என்மேல தனிப்பட்ட கோபம். ஒரு பொம்பளையோட கோபத்துக்காக ஊரே தவழணுமா?”

மன்றத் தலைவர் அக்காவைப் பார்த்து, “நீங்க என்னம்மா சொல்றீங்க? தனிப்பட்ட கோபம்தானா?” என்று கேட்டார்.

பொதுநலம், குழந்தைகள், முதியவர்கள் என்றெல்லாம் பேசும்படி அவளுக்குப் பலர் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அக்கா எழுந்து நின்றாள். அவசரத்தின் முகத்தைப் பார்த்ததும் அதெல்லாம் மறந்துபோயிற்று.

“ஆமாங்க” என்றாள். “தனிப்பட்ட கோபம்தான். இந்த ஆளுமேல கோபம் இல்லைன்னா நான் இந்தப் படியையே மிதிச்சிருக்க மாட்டேன். எனக்கு வேற வேலை இருக்கு. இவரு ஆஸ்பத்திரிக்கு வந்து, சட்டப்படி வந்தேன்னு சொன்னாரு. சரி. அறுபதுல போய் ஒருத்தி கையை உடைச்சா அது சட்டம்னா, அந்தச் சட்டத்தை எழுதினது நீங்க. இவரை விட்டுட்டேன், உங்களைக் கேக்கறேன். அடுத்த கை உடையறப்பவும் இதேதான் சொல்வீங்களா?”

வாக்கெடுப்பில் கைகள் உயர்ந்தன. மருந்துக்கடைக்காரரின் கை கொஞ்சம் தாமதித்து, பிறகு எல்லாக் கைகளையும்விட உயரமாகப் போனது. ஒரே ஒரு வாக்கில் தீர்மானம் நிறைவேறியது. அவசரம் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியேறினார்.

அந்த மாதமே வளைவில் ‘30’ என்ற பலகை வந்தது. பலகைக்குப் பின்னால் கேமராவும் வந்தது. முதல் அபராதம் அக்காவின் கணவருக்குத்தான். அவர் சீட்டைக் கொண்டுவந்து சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். தங்கைக்கு அடிபட்ட பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல்தடவை.

அவசரத்தால் முப்பதில் போக முடியவில்லை. அது அவர் கால் பழகிய பழக்கம். ஒருமுறை மாட்டினார், மறுபடி மாட்டினார், பிறகும் மாட்டினார். ஓட்டுநர் உரிமத்தைச் சில மாதங்களுக்குப் பிடுங்கிக்கொண்டார்கள். அவருடைய மனைவி காரை ஓட்ட, பக்கத்து இருக்கையில் மடியில் பையை வைத்துக்கொண்டு அவர் போனார். அந்த அம்மாள் புதிதாக ஓட்டப் பழகியவர், முப்பதுகூடப் போகமாட்டார். கார் வரும் நேரத்தை அக்கா மனப்பாடம் செய்திருந்தாள். கத்தரியோடு வாசலுக்கு வந்து நிற்பாள். கார் வளைவில் ஊர்ந்து, கண்ணாடியை முழுதாகக் கடந்து போகும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் நேராகச் சாலையைப் பார்ப்பார். காது மட்டும் சிவந்திருக்கும். அந்தச் சிவப்பைப் பார்த்தால்தான் அன்றைய சோறு அவளுக்கு இறங்கும்.

உரிமம் திரும்பக் கிடைத்த பிறகும் அவர் ஊர்ந்தே போனார். அக்காவும் வாசலில் நின்றுகொண்டே இருந்தாள்.

ஒரு சாயங்காலம் தங்கை சொன்னாள், “அக்கா, நான் வேற வேலைக்குப் போறேன். நூலகத்துல ஆள் கேட்டிருக்காங்க.”

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. “ஏண்டி? இங்க உனக்கு என்ன குறை? நீ ஒரு வேலையும் செய்ய வேண்டாம், உக்காந்திரு போதும்னுதானே சொன்னேன்?”

“உக்காந்திருக்கறதுதான் முடியல. முன்னாடி அவன் சர்ருனு போயிடுவான். கார்தான் தெரியும், ஆள் தெரியாது. இப்ப தினம் ரெண்டு தடவை அவன் மூஞ்சியை முழுசாப் பாக்கறேன். மூக்குல மச்சம் இருக்கறதுகூட எனக்குத் தெரியும். நீ அவனைக் கொண்டுவந்து என் எதிர்ல நிறுத்தி வெச்சுட்டே.”

“அவன் அவமானப்படறதைப் பாக்க உனக்கு ஆசையா இல்ல?”

“உனக்கு ஆசை. உனக்காகத்தான் இத்தனை நாள் பொறுத்துக்கிட்டேன்.”

அக்கா தங்கையின் சீப்புகளையும் சின்னக் கத்தரியையும் எடுத்துத் துடைத்து, ஒரு பெட்டியில் போட்டு மூடினாள். தங்கை அடுத்த வாரம் நூலகத்துக்குப் போய்விட்டாள். அது இருந்தது மரங்கள் அடர்ந்த முட்டுச் சந்தில். சைக்கிள் தவிர எதுவும் வராது. இரண்டாவது நாற்காலி காலியாக இருந்தது. யாராவது அதில் உட்காரப் போனால், “அது ஆடும், வேண்டாம்” என்று அக்கா சொல்லிவிடுவாள். அது ஆடவே ஆடாது.

வேறு யாராவது என்றால் இத்தோடு மனம் ஆறியிருப்பார்கள், அல்லது தான் செய்தது தப்போ என்று யோசித்திருப்பார்கள். அக்கா யோசித்தாள்தான். துண்டுகளை மடித்துக்கொண்டே ஒரு நாள் முழுக்க யோசித்தாள். கடைசியில், தங்கை பார்லரை விட்டுப் போனதையும் அவன் தலையிலேயே கட்டினாள். அவன் கையை உடைக்காவிட்டால் அவள் போயிருப்பாளா?

அந்த நேரம் பார்த்து அவசரம் சும்மா இருக்கவில்லை. மறுபடியும் அறுபதைக் கொண்டுவர வேண்டும் என்று ஆள் சேர்க்க ஆரம்பித்தார். மன்றத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. தானே நிற்கப்போவதாகவும் பேச்சு அடிபட்டது. சேதி பார்லருக்கு வந்த அன்றே அக்கா கத்தரியை வைத்துவிட்டுப் போய், அதே வட்டத்தில் தன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஊரில் அவள் தொடாத தலை குறைவு. ஜெயித்தாள். தோற்ற அவசரம் வாக்கு எண்ணிய இடத்திலிருந்து முடிவைக் கேட்காமலேயே போய்விட்டார். வழக்கமான அவசரம்தான் என்று ஊர் சிரித்தது.

புதிய மன்றத்தின் முதல் கூட்டத்தில், சாலைகள் பற்றிய பகுதி வந்ததும் அக்கா எழுந்தாள். மரச்சாமான் கடை இருக்கும் தெருவுக்கு இருபது என்று வேகவரம்பு வேண்டும் என்றாள். அந்தத் தெருவில் ஒரு பாலர் பள்ளி இருந்தது. பிள்ளைகள் சாலையைக் கடந்துதான் விளையாடப் போனார்கள். அதனால் யாராலும் வாயைத் திறக்க முடியவில்லை. பார்வையாளர் வரிசையில் அவசரம் உட்கார்ந்திருந்தார். கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. அக்கா கைகளை எண்ணவில்லை. அவருடைய காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மெல்லச் சிவந்தது.

வெளியே வந்ததும் தங்கைக்குப் போன் செய்தாள்.

“அவன் கடைத் தெருவுக்கும் இருபது போட்டாச்சுடி. இனிமே மேசை நாற்காலி ஏத்திக்கிட்டு வர்ற லாரி எல்லாம் ஆமை மாதிரிதான் வரணும். அவன் மூஞ்சியைப் பாத்திருக்கணுமே நீ!”

அந்தப் பக்கம் புத்தகங்களை அடுக்கும் சத்தம் கேட்டது. இடது கையால் அடுக்குகிறாள் போலிருக்கிறது, ஒவ்வொன்றாக, மெதுவாக.

“சரிக்கா” என்றாள் தங்கை. “நீ சாப்பிட்டியா?”