கூரைமேல் போட்ட பட்டை

என் மனைவியின் அண்ணன் சேகரைத் திட்டுவதற்காகத்தான் இதை எழுதுகிறேன். என்னைப் போல் பழைய கார்களை வாங்கிப் புதுப்பிக்கும் வாசகர்களுக்கு உதவினால் சரி.

இன்ஜின், சக்கரம், கதவு எல்லாம் கழற்றிய வெறும் கார்க்கூடு அது. மலேசியாவில், குளுவாங்கிலிருந்து செனாயில் உள்ள பெயிண்ட் பட்டறைக்கு டிரெய்லரில் கொண்டுபோக வேண்டும். தேங்காய் உடைத்து, டிரெய்லர் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைக்க சேகர் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். கூட்டைக் கட்ட ஐந்தே நிமிடம். அடியில் பழைய டயர்களை மெத்தை மாதிரி போட்டு, கூரைமேல் ஒரே ஒரு பட்டையை இறுக்கினார்.

"மச்சான், அடியிலயும் கட்டணும்" என்றேன்.

"வெறும் தகரம் லா. எங்க ஓடிடப் போகுது?"

நானும் வாயை மூடிக்கொண்டேன். அதற்கு என்னையும் செருப்பால் அடிக்கலாம்.

லாயாங் லாயாங் ஊரைத் தாண்டியதும் ரோடு குலுக்கியது. டயர்கள் அமுங்க அமுங்க பட்டை தளர்ந்து, கூடு சறுக்கி நடுரோட்டில் விழுந்தது. பின்னால் மோட்டாரில் வந்த பெண் வண்டியைப் புல்லில் இறக்கித் தப்பினார். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"வீட்ல ரெண்டு புள்ளைங்க இருக்குடா" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். சேகர் முந்திக்கொண்டார்.

"பாத்தீங்களா, எலுமிச்சம்பழம்தான் காப்பாத்துச்சு."

இப்போதெல்லாம் டயர் போடுவதில்லை. கூட்டை மரச்சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கி, சட்டத்தின் நான்கு மூலையையும் டிரெய்லரோடு கட்டுகிறேன். பத்து நிமிடம் ஓட்டியதும் நிறுத்தி மறுபடியும் இறுக்குகிறேன். எலுமிச்சம்பழமும் வைக்கிறேன். சேகரைத்தான் கிட்டே சேர்ப்பதில்லை.