நான்காவது தாள்

மாதக் கடைசியில், நிலவறைச் சலவையறையின் கதவிலிருந்து முறைத் தாளைக் கீழ்வீட்டு முதியவர் கழற்றும் காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. எந்த நாளில் எந்த வீட்டார் உடுப்புத் தோய்த்தார்கள் என்று அவரவர் கையொப்பமிடும் தாள் அது. வேறு யாராவது என்றால் கசக்கிக் குப்பையில் போட்டிருப்பார்கள். அவரோ மூலையில் பென்சிலால் மாதத்தையும் ஆண்டையும் குறித்து, இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு தன் வீட்டுக்குப் போவார்.

சுவிட்சர்லாந்தின் ஊஸ்டரில் எங்கள் மாடிக் கட்டடத்தில் எல்லோரும் அவரை ‘ஆர்கிவார்’, அதாவது ஆவணக் காப்பாளர், என்றே அழைத்தார்கள். ஜெர்மனியில் ஒரு மாநில ஆவணக் காப்பகத்தில் வாழ்நாள் முழுக்க வேலை செய்தவர். ஓய்வு பெற்றபின் மனைவியின் ஊரான இங்கே வந்தார். மனைவி இறந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. எங்கள் தெருவின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். நூற்பாலைக்கு வந்த இத்தாலியர்கள் எந்த வீட்டில் இருந்தார்கள், அவர்களுக்குப் பின் யார் வந்தார்கள் என்று விசாரித்துக்கொண்டு ஒருநாள் எங்கள் மணியையும் அடித்தார். என் கணவர் கதவைப் பாதிதான் திறந்தார்.

“இந்தாளுக்கு ஏன் உதெல்லாம்? நீ ஒண்டும் கதைக்காத” என்றார் என்னிடம். இலங்கையில், எங்கள் ஊரில் வீடு வீடாகப் பெயர் எழுதிக்கொண்டு போனவர்களால் வந்த பயம் அவருக்கு.

நாங்கள் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்த நேரத்தில்தான் வீட்டு நிர்வாகத்தின் பதிவுக் கடிதம் வந்தது. நாங்கள் மற்றவர்களின் நாளில் சலவையறையைப் பிடித்துக்கொண்டோமாம். நான்கு தேதிகள் போட்டிருந்தது. மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீட்டோடு குடியுரிமையும் போய்விடும் என்று கணவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவருக்குச் சொல்லாமல் நான் கடிதத்தோடு கீழே இறங்கினேன்.

ஆர்கிவார் அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு அலுமாரியிலிருந்து சாம்பல் நிறப் பெட்டியொன்றை இறக்கி, நான்கு தாள்களை மேசையில் வரிசையாக வைத்தார். மூன்று நாட்களில் இருந்தது வேறொரு வீட்டின் கையொப்பம். அவர்கள் எப்போதோ ஊரை விட்டுப் போய்விட்டார்கள். நான்காவது நாளின் கட்டத்தில் இருந்த பெயரை வெட்டிவிட்டு, மேலே என் கையொப்பம். மகள் வாந்தி எடுத்த நாள் அது. யாரிடமும் கேட்காமல் துணிகளைப் போட்டிருந்தேன்.

“நான்கையும் சேர்த்துத்தான் கொடுப்பேன்” என்றார்.

மேலே வந்து சொன்னதும் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. என்னையும் இழுத்துக்கொண்டு கீழே போனார். “மூண்டைக் குடுத்தாக் காணும்தானே? நாலாவதை ஏன் காட்டவேணும்? கேள் அவரை.”

நான் மொழிபெயர்த்தேன். ஆர்கிவார் எங்களுக்கு நாற்காலிகளை இழுத்துப் போட்டார். பிறகு, யாருக்கும் சொல்லாததைச் சொன்னார். இளம் வயதில் ஒரு கோப்பிலிருந்து ஒரே ஒரு கடிதத்தை எடுத்துவிட்டாராம். அயலவர் ஒருவரை அதிகாரிகளிடம் காட்டிக்கொடுத்து ஓர் ஆசிரியர் எழுதியது. ஆசிரியரின் மனைவி அழுது கேட்டாள் என்று அதை அவளிடமே கொடுத்துவிட்டார். பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த அயலவரின் மகள் வந்தாள். பக்க எண் ஒன்று குறைவதைப் பார்த்து, எடுத்தது யார் என்று கேட்டாள்.

“தெரியாது என்றேன். அதற்குப் பிறகு அந்தக் கோப்பில் இருந்த எதையும் அவள் நம்பவில்லை. உண்மையான பக்கங்களைக்கூட.”

கணவர் நான்காவது தாளை மற்ற மூன்றோடு தானே சேர்த்து வைத்தார்.

வாடகைப் பிணக்குகளை விசாரிக்கும் அலுவலகத்துக்கு மூவருமாகப் போனோம். நிர்வாகத்தின் ஆள் தாள்களைப் புரட்டிவிட்டு, நான்காவதில் விரலை வைத்தார்: “இதோ, இது இவர்கள்தானே!”

தலைமை வகித்த பெண்மணி கண்ணாடியைக் கழற்றினார். “ஆம். அதைக் கொண்டுவந்ததும் இவர்கள்தானே.”

அரை மணி நேரத்தில் நிர்வாகம் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

வெளியே வந்ததும் கணவர் படிக்கட்டில் அப்படியே அமர்ந்துவிட்டார். சிரித்தார்; கண்ணையும் துடைத்தார். பிறகு எழுந்து, ஜெர்மன் வாயில் வராமல் தமிழிலேயே சொன்னார்: “ஐயா, வாங்கோ. வீட்டை போய்ச் சாப்பிடுவம்.” ஆர்கிவார் மொழிபெயர்ப்புக்காக என் முகத்தைப் பார்க்காமலேயே தலையாட்டினார்.

ஆர்கிவார் மறைந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது; நாங்கள் அதே மூன்றாம் மாடியில்தான் இருக்கிறோம். அந்த மத்தியானத்தைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். சோறும் கோழிக்கறியும் சாப்பிட்டுவிட்டு, பேசப் பொதுமொழி அதிகமில்லாத இருவரும் சோபாவின் இரண்டு முனைகளிலும் இருந்தபடியே தூங்கிப்போனார்கள். நான் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, சத்தம் வராமல் பாத்திரம் கழுவினேன்.