கட்டைவிரல் பதிந்த மணி

கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, சாம்பல் நிற வேனில், கொட்டுகிற மழையில் என் கடைக்கு வந்த ஐயா, எங்கள் வீட்டு மணியைக் கொண்டுபோனது நீங்கள்தான். திருடினீர்கள் என்று சொல்லவில்லை. காசு கொடுத்துத்தான் வாங்கினீர்கள், பேரமும் சளைக்காமல் பேசினீர்கள். ஆனால் நீங்கள் கொண்டுபோனவற்றில் ஒன்று என் சரக்கு இல்லை.

மற்றவர்களுக்கு விளங்க வேண்டுமானால் தொழிலைச் சொல்ல வேண்டும். புதுப் பித்தளையையும் இரும்பையும் பழசாக்கி விற்பது என் பிழைப்பு. கினிகத்தேனையில் ரோட்டோரக் கடை. லாந்தர், கைமணி, கதவுக் குமிழ், மெழுகுதிரித் தண்டு என்று பட்டறையில் இருந்து பளபளவென்று வருவதை, வெள்ளைக்காரத் துரை வீட்டில் கிடந்தது போல மாற்றித் தருவேன். ஊர் உலகம் பழசைத் தேய்த்துப் புதுசாக்குகிறது, நான் தலைகீழ். ஆனாலும் இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போலக் கடை வைத்து, வாயால் பிழைக்கிறவர்களுக்கு என் பாடு தெரியாததா என்ன?

பச்சை மணிகள்

மரக்கறி விற்றுக்கொண்டிருந்தவள் நான். எனக்கு யாரும் உட்கார வைத்துக் கற்றுத்தரவில்லை. வினாகிரியும் உப்பும் போட்டு, மூடி வைத்த வாளிக்குள் முதல் தடவை கைமணிகளைத் தொங்கவிட்டேன். திறந்து பார்த்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே பச்சை. எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பழைய பங்களாவை ஹோட்டலாக்கி நடத்தும் ஒரு மேனேஜர் திம்புள்ளப் பக்கமிருந்து வந்தார். விலையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "பிடிக்கலன்னா வச்சிட்டுப் போங்க, பல்லக் காட்டாதீங்க!" என்று பாய்ந்தேன்.

அவர் கோபப்படவில்லை. மணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது வயசான மாதிரி இல்லக்கா, சீக்கு வந்த மாதிரி இருக்கு. இத்தன காலமா இத ஒருத்தரும் கையால தொடவே இல்லையா?"

மாமியாரின் நொட்டாங்கை

அன்றைக்கு வீட்டுக்குப் போய் எங்கள் மணியை எடுத்துப் பார்த்தேன். என் மாமியார் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்தவர். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போனபிறகு கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. பால் நேரத்துக்கு அவர் மணி அடிப்பார். புதுக் கட்டடம் வந்தபோது பழைய மணியை அவரிடமே கொடுத்துவிட்டார்கள். அவருக்கு எல்லாமே இடது கைதான். ஒரு பக்கமாக வளைந்த பித்தளைப் பிடியின் இடப்பக்கத்தில் அவருடைய கட்டைவிரல் ஒரு பள்ளமே பறித்திருந்தது. இடுக்கெல்லாம் கறுப்பு, கை படும் இடம் மட்டும் பொன். எனக்கு அப்போதுதான் உறைத்தது: வயசு எல்லா இடத்திலும் ஏறுவதில்லை.

பட்டறையில் அதே அச்சில் மணி வார்த்து வாங்கி, அதைப் பார்த்தே பழசாக்கத் தொடங்கினேன். வாங்குகிறவர்களுக்குச் சோற்றுக் கைதான் பழக்கம் என்பதால் பள்ளத்தை மட்டும் வலப்பக்கம் அராவினேன். அப்போது என் வீட்டுக்காரர் மாணிக்கம் தேயிலை ஃபெக்டரியில் ஃபிட்டர். நான் அராவுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் சொன்னார்: "எங்கம்மா காலம்பூரா தேச்சத நீ ஒரு மத்தியானத்துல தேச்சிப்புட்டியேடி!"

இரும்புக்கு வார்த்த சாயம்

இரும்பு லாந்தருக்கு வேறு வைத்தியம். முதலில் துரு ஏற வைக்க வேண்டும். பிறகு தேயிலைத் தூளைக் கசக்கக் கசக்கக் கொதிக்கவைத்து, அந்தச் சாயத்தைப் பிரஷ்ஷால் பூசினால் துரு கன்னங்கரேலென்று மாறிவிடும். மேலே மெழுகு தேய்த்தால் வேலை முடிந்தது. எத்தனையோ மருந்தை வாங்கிப் பூசிப் பணத்தைக் கரியாக்கியபின், பிளேன்டீ கொட்டிய தகரத்தைப் பார்த்துத்தான் இதைப் பிடித்தேன்.

பக்கத்துப் பழக்கடை லீலாவதி இதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். நான் அவளுக்கு ஒரு நாளும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்ததில்லை என்பது உண்மைதான். ஒருநாள் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "மனுசருக்கு வெறுந்தண்ணிகூடக் கெடையாது, லாந்தருக்கு மட்டும் இம்புட்டுத் தடிப்பாச் சாயமா? அடுத்த பொறப்புல உங்க கடையில இரும்பாப் பொறக்கணும்கா."

கல்யாண விளக்கு

ஒரு பெண் புதுக் குத்துவிளக்கோடு வந்தாள். கொழும்பில் வேலை, அடுத்த மாதம் கல்யாணம். அதைப் பழசாக்க வேண்டுமாம். "புது விளக்கு ஏத்துனாத்தான் கல்யாணம்! அறிவிருக்கா?" என்று கத்தினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மாப்பிள்ளை வீட்டில் பரம்பரை விளக்கு இருக்கிறதாம். இவர்கள் இருந்த தோட்டத்து லயம், அந்த வரிசை வீடு முழுக்கத் தீப்பிடித்தபோது, கட்டியிருந்த துணியோடுதான் வெளியே வந்தார்களாம்.

நான் விளக்கை வாங்கிக்கொண்டேன். திரி தூண்டும் விரல் படும் இடத்தை மட்டும் மினுக்கி, மற்றதை மங்க வைத்தேன். கூலி கேட்க வாய் வரவில்லை. கத்துகிற வாய்க்கு அது பெரிய வியாதி. வாங்கிப் பார்த்து, அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்து அவள் சொன்னாள்: "என் மக கல்யாணத்துக்குள்ள இது நெசமாவே பழசாயிரும்ல அக்கா?"

தொப்பிக்காரர் வந்த நாள்

மாணிக்கத்துக்குப் பாரிசவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. எப்போதாவது ஒரு சொல் வரும். கடையிலேயே சாய்வு நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். பக்கத்து மேசையில் அம்மாவின் மணி. தண்ணீர் வேண்டுமா, வெளியே போக வேண்டுமா, குளிருகிறதா, இடது கையால் மணியை அடிப்பார். அம்மாவின் கட்டைவிரல் இருந்த இடத்தில் மகனின் கட்டைவிரல் அச்சாகப் பொருந்தும். நான் பின்னால் அடுப்படியில் நின்றாலும் ஓடி வருவேன். "என்னாங்க, மணி அடிச்சு வேல வாங்குறீங்களே, நீங்க என்னா தொரையா?" என்பேன். சிரிப்பார்.

ஐயா, நீங்கள் வந்தபோது அவர் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். கந்தப்பளையில் பங்களா, அறைக்கொரு மணி வேண்டும் என்றீர்கள். மணிகளை அவருடைய மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்து, நீங்களே பெட்டியில் அடுக்கினீர்கள். எல்லாம் புதுசுதானே என்று கேட்டீர்கள். "இந்தக் கடையில பழசுன்னு ஒன்னுமே கெடையாது ஐயா!" என்று உள்ளேயிருந்து சத்தியம் பண்ணாத குறையாகக் கத்தினேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. மேசையிலும் ஒரு மணி நின்றது. போகும்போது நீங்கள் சொன்னதில் எனக்கு நெஞ்சு வேறு விம்மியது: "கடைசியா எடுத்தது இருக்கே, அசல் மாதிரியே செஞ்சிருக்கீங்கம்மா."

கந்தப்பளையில்

அன்று பின்னேரம் மணி அடிக்கவில்லை. போய்ப் பார்த்தால் அவர் வெளியே போகக் கூப்பிடாமலே வேட்டி நனைந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். மணியை எடுத்து அவர் கையில் வைத்தேன். கட்டைவிரல் பிடியைத் தடவித் தடவித் தேடியது. பள்ளம் வலப்பக்கம் இருந்தது, அது நான் அராவிய மணி. மணியை மெதுவாக மேசையில் வைத்துவிட்டார்.

உங்கள் பெயரோ நம்பரோ வாங்கி வைக்காத நான், மறுநாள் லீலாவதியை அவருக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டுக் கந்தப்பளைக்கு பஸ் ஏறினேன். பங்களா பங்களாவாக ஏறி இறங்கினேன், உங்களைக் காணவில்லை. ஓரிடத்தில் மேசைக்கு மேசை என் மணிகள்! ஒவ்வொன்றாக இடது கையில் பிடித்துப் பார்த்தேன். எல்லாம் எப்போதோ நான் விற்றவை, எல்லாம் வலக்கை மணிகள். சாப்பாடு பரிமாறும் தம்பி என்னை விருந்தாளி என்று நினைத்துவிட்டான்: "அடிச்சாத்தான் தேத்தண்ணி வரும்மா, தடவிக்கிட்டே நின்னா எப்புடி?"

புதுசு

திரும்பி வந்து ஒரு மணியை எடுத்தேன். இடப்பக்கத்தில், நினைவில் இருந்த ஆழத்துக்கு அராவினேன். இடுக்குக்கு வேண்டிய கறுப்பு, கை படும் இடத்துக்கு வேண்டிய பொன். என் வாழ்நாளில் அவ்வளவு பொறுமையாக எதையும் செய்ததில்லை. அவர் கையில் கொடுத்தேன். கட்டைவிரல் பள்ளத்தில் உட்கார்ந்தது. ஒரு தடவை அடித்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு மணியை என் மடியில் வைத்து, அதே கையால் என் கன்னத்தைத் தட்டி, கஷ்டப்பட்டு ஒரு சொல் சொன்னார்: "புது...சு."

இப்போது அவர் கூப்பிடுவதே இல்லை. நானாகத் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருக்கிறார். வாளிக்கு முன்னால் நின்றாலும் நான் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கிறேன்.

ஐயா, உங்கள் அறைகளில் இருக்கும் மணிகளை இடது கையால் பிடித்துப் பாருங்கள். எதில் உங்கள் கட்டைவிரல் தானாகப் போய் உட்காருகிறதோ, அது எங்களுடையது. கொண்டுவாருங்கள். பதிலுக்குக் கடையில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், நான் வாயைத் திறக்க மாட்டேன்.

ஒரு மத்தியானத்தில் எதையும் பழசாக்கித் தருவேன் என்று ரோட்டில் போகிறவர்களையெல்லாம் கூவிக் கூப்பிடுகிற எனக்கு அந்த ஒன்றை மட்டும் செய்ய வரவில்லை, ஆகவே நீங்கள்தான் கொண்டுவந்து கொடுத்தாக வேண்டும்.